அரைப்பேர் கணக்கு உடம்புக்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 52, எடை 58 கிலோ. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. 46 வயதில் முதுகு வலிக்காக ஜிம்முக்குப் போக ஆரம்பித்தேன். அது பிடித்துப்போய், இப்போது ஃபங்ஷனல் ஃபிட்னஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். போன வருடம் கொழும்பில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் இரண்டாம் இடம். அடுத்த போட்டிக்கு இன்னும் 16 வாரம் இருக்கிறது. வாரம் ஆறு நாள் பயிற்சி செய்தும், எட்டு மாதமாக டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) 90 கிலோவிலேயே நிற்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வலது தோள் வலிக்கிறது. காலையில் எழுந்தால் குதிகாலுக்கு மேலே விறைத்து, பத்து நிமிஷம் நொண்டுகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளே ஜிம்மில் என்னை முந்துகிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வருவதில்லை. "வயசுக்கு ஏத்த மாதிரி இரு" என்கிறார் வீட்டுக்காரர். இன்னும் கடினமாகப் பயிற்சி செய்யட்டுமா, இல்லை விட்டுவிடட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

விட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் பயத்தோடு வாசிப்பீர்கள். "இன்னும் கடினமாக" என்பதும் வேண்டாம். ஆறு நாளை நான்கு நாளாக்குங்கள், ஆனால் தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வயசாகிவிட்டது என்று எடையைக் குறைத்துக்கொண்டு, அந்தக் குறையை ஈடுகட்ட நாளைக் கூட்டுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் தோளையும் குதிகாலையும்விட என்னை நிறுத்தியது தூக்கம் வருவதில்லை என்ற அந்த வரிதான். அது எனக்குத் தெரிந்த தூக்கமின்மை. நான் வளர்ந்தது நானுஓயாப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டும் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஒருமுறை காய்ச்சலோடு மலைக்குப் போய்த் திரும்பினார். முகமெல்லாம் சிவந்திருக்க, கூடைக் கயிறு அழுத்திய இடம் மட்டும் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிக் கிடந்தது. "படுத்தா பேரு போயிரும்" என்றார். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். பிசியோதெரபி படித்து வேலைக்கு வந்த பிறகும் பல வருடம் அது போகவில்லை. நீங்கள் உங்கள் பயிற்சிக்கும் ஒரு செக்ரோல், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவேடு, வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். போன நாளுக்கு முழுப்பேர், போகாத நாளுக்கு ஒன்றுமில்லை.

உடம்பு அப்படிக் கணக்கு எழுதுவதில்லை. எடையைத் தூக்குவது தசைக்குக் கொடுக்கும் உத்தரவு மாதிரி. தசை அந்த வேலையைச் செய்து முடிப்பது அடுத்த ஒன்றிரண்டு நாளில், நீங்கள் தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான். இருபத்தைந்து வயதில் அது வேகமாக நடக்கும். ஐம்பதுக்கு மேல் ஒரு கனமான பயிற்சிக்குப் பிறகு 48 மணி நேரம், சிலருக்கு 72 மணி நேரம்கூட வேண்டும். நீங்கள் ஆறு நாளும் புது உத்தரவு போடுகிறீர்கள், பழையது ஒன்றும் முடியவில்லை. எட்டு மாதமாக 90 கிலோவில் நிற்பதற்கு உங்கள் முயற்சியில் குறை தேட வேண்டாம். தினமும் களைத்த உடம்போடு போய் அளந்துபார்க்கிறீர்கள், அது களைப்பின் அளவைத்தான் காட்டுகிறது.

சரி, எடையை ஏன் குறைக்க வேண்டாம் என்கிறேன்? வயதாகும்போது நாம் முதலில் இழப்பது வேகமாகச் சுருங்கும் தசை நார்களை. படியில் தடுக்கினால் சட்டென்று காலை ஊன்ற உதவுவது அவைதான். லேசான எடையை முப்பது தடவை தூக்குவதைவிட, கனமான எடையையும் வேகமான அசைவையும்தான் அவை கேட்கும். இதற்கு வயது கடந்துபோவதுமில்லை. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கனமான காற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 52.

எலும்புக்கும் இதே கதைதான். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய சில வருடங்களில் பெண்களின் எலும்பு வேகமாகத் தேயும். ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கண்காணிப்போடு டெட்லிஃப்ட், ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குதல் கொடுத்தார்கள். எடை அவர்களுடைய அதிகபட்சத்தில் 80 முதல் 85 சதவீதம். எட்டு மாதத்தில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி முன்னேறியது. பயந்த மாதிரி எலும்பு முறியவில்லை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். வயசுக்கு ஏற்றது கனமான எடைதான்.

உங்கள் கணக்கில் 80–85 சதவீதம் என்றால் 72 முதல் 76 கிலோ. மூன்று அல்லது நான்கு செட், ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை, நடுவில் மூன்று நிமிஷம் ஓய்வு. முடிக்கும்போது இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் போல இருக்க வேண்டும், அந்த இரண்டைத் தூக்கக் கூடாது. உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

வாரத்தை இப்படி வையுங்கள். திங்கள் கனமான நாள்: டெட்லிஃப்ட், தோளுக்கு ஏற்ற தள்ளும் பயிற்சி, குதிகால் பயிற்சி. வியாழன் இன்னொரு கனமான நாள்: ஸ்குவாட், இழுக்கும் பயிற்சி, மறுபடி குதிகால். சனிக்கிழமை போட்டி மாதிரி மூச்சு வாங்கும் பயிற்சி, 12 முதல் 20 நிமிஷத்துக்குள். செவ்வாய் அல்லது ஞாயிறு, ஒரு மணி நேரம் மெதுவாக நடை. பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம்தான் அளவு. இதயத் துடிப்பை வைத்துப் பார்ப்பவர் என்றால், 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு உத்தேசமாக வரும். உங்களுக்கு 172. மெதுவான நாளில் அது 120ஐத் தாண்டக் கூடாது. ஹட்டனில் ஓடிக்கொண்டு 120இல் நிற்பது முடியாத காரியம், ஏதாவது ஒரு ஏற்றம் வந்துவிடும். அதனால்தான் நடை என்கிறேன்.

இன்னொன்று, பஸ்ஸை விட்டு இறங்கி பாடசாலைக்கு ஏறும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும் பாதை எனக்குத் தெரியும். புத்தகப் பையோடு நாளுக்கு இருபது நிமிஷம் மேட்டில் ஏறுகிறவருக்கும், கொழும்பில் வாகனத்தில் ஜிம்முக்குப் போகிறவருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. இணையத்தில் எடுக்கும் அட்டவணை எதுவும் உங்கள் மேட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு வாரம் ஏற்றி, மூன்றாவது வாரம் செட்களைப் பாதியாக்குங்கள். எடை அதேதான். மூன்றாவது வாரம் "பேர் போச்சே" என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், நீங்கள் போய்ப் பரீட்சைத் தாள் திருத்துங்கள்.

இனி குதிகால். தசை சில வாரங்களிலேயே பலப்படும். எலும்போடு அதைக் கட்டிவைத்திருக்கும் நாண் பலப்பட மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். ஆறு வருடத்தில் உங்கள் கெண்டைக்கால் தசை வளர்ந்த வேகத்துக்குக் குதிநாண் ஈடுகொடுக்கவில்லை. காலை விறைப்பு அதன் அடையாளம். இதற்கு முழு ஓய்வு மருந்தாகாது. 1998இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன், குதிகாலைச் சுமையோடு மெதுவாக இறக்கும் 12 வாரப் பயிற்சியால் ஓட்டக்காரர்களின் குதிநாண் வலி குறைந்து அவர்கள் மறுபடி ஓடியதை எழுதினார். அதிலிருந்து வந்த முறைகளைத்தான் இன்றும் கொடுக்கிறோம்.

செய்யும் விதம்: வீட்டு வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நில்லுங்கள், கை சுவரில். மூன்று எண்ணும்வரை மேலே ஏறி, மூன்று எண்ணும்வரை கீழே இறங்குங்கள். குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகட்டும். இரண்டு காலிலும் எட்டுத் தடவை, நான்கு செட். சுலபமானதும் முதுகில் புத்தகப் பையை மாட்டுங்கள், அதுவும் சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். செய்யும்போது பத்துக்கு நாலு ஐந்து அளவில் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் சுமையைக் குறையுங்கள். எழுந்து நொண்டும் அந்த நிமிஷங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது பத்திலிருந்து மூன்றுக்கு வரும்வரை கயிற்றில் டபுள் அண்டர் (ஒரு தாவலில் கயிற்றை இரண்டு முறை சுற்றுவது) வேண்டாம், ஒற்றைத் தாவல் போதும். பெட்டி மேல் தாவும் பொக்ஸ் ஜம்ப்பில் மேலே குதியுங்கள், கீழே படியில் இறங்குவது போல இறங்குங்கள். குதித்து இறங்கிய வேகத்திலேயே மறுபடி குதிப்பது, இந்த வயதில் குதிநாண் அறுந்துபோவதற்கு எனக்குத் தெரிந்த மிகக் குறுகிய வழி. அறுந்தவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: யாரோ பின்னால் இருந்து காலில் உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை.

சிப்ரோஃபுளொக்சசின் வகை அன்டிபயோட்டிக் மருந்துகளும் குதிநாணைப் பலவீனமாக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது எழுதிக் கொடுத்தால், குதிநாண் வலி இருக்கிறது என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

தோளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கையைத் தளரவிட்டு, இன்னொருவரை உங்கள் முழங்கையை மடக்கிப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் மற்றக் கையின் பாதி தூரத்திலேயே கை நின்றுவிட்டால் அது தோள் உறைவாக இருக்கலாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு அதிகம் வருவது, நீரிழிவு இருந்தால் இன்னும் அதிகம். அப்படியானால் போட்டியை மறந்துவிட்டு முதலில் இரத்தத்தில் சீனி பாருங்கள். இராத்திரி வலி எழுப்பினாலோ, கையில் பலமே இல்லாமல் போனாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். திருப்பும்போது கை முழுதாகப் போகிறது, நீங்களாகத் தூக்கினால் மட்டும் வலிக்கிறது என்றால், தோளைச் சுற்றிய சின்னத் தசைகளும் நாண்களும் களைத்திருக்கின்றன. ஆடி ஆடி ஏறும் கிப்பிங் புல்-அப்பை எட்டு வாரம் நிறுத்துங்கள். பார்பெல்லுக்குப் பதில் டம்பெல், உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்தபடி. ஆடாமல் மெதுவாக ஐந்து புல்-அப் எடுக்க வராதவர் ஆடி இருபது எடுக்கக் கூடாது என்பது என்னிடம் வருகிற எல்லாருக்கும் நான் வைத்திருக்கும் சட்டம்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், பெண் என்பதால் உரிமையோடு. கயிறு தாண்டும்போது, கனமாகத் தூக்கும்போது சிறுநீர் சொட்டுகிறதா? பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இருக்கிறது. கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு, போட்டி நாளில் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சமாளிக்காதீர்கள். இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும். உடம்பு அனல் அடித்து இராத்திரித் தூக்கம் கலைந்தால் பெண்நோய் நிபுணரை (வி.ஓ.ஜி.) பாருங்கள். தூக்கம் போனால் நான் எழுதும் அட்டவணை எதுவும் வேலை செய்யாது. போகும்போது பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், இரும்புச் சத்து எல்லாம் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ ஈசிஜி எடுக்காமல் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போகக் கூடாது.

சாப்பாட்டில் உங்கள் காலையை நானே சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு பிளேன்டி, ஓட்டம். அதில் தசைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். வயதாகும்போது சின்ன அளவுப் புரதத்துக்குத் தசை அசைந்து கொடுப்பதில்லை, ஒரு வேளைக்கு 25 கிராம் போல வந்தால்தான் விழிக்கும். உங்கள் எடைக்கு நாளுக்கு 90 கிராம் வரை போகலாம், சிறுநீரகம் நன்றாக இருந்தால். காலையில் இரண்டு முட்டையும் ஒரு கோப்பை அவித்த கடலையும் சேர்ந்தால் 25 கிராமை எட்டும். பகலுக்கு ஒரு நல்ல துண்டு மீன் அல்லது கோழி, கூடப் பருப்பு. இரவில் சோயா மீட் அல்லது நெத்தலி, தயிர். விலை எனக்கும் தெரியும். அதனால்தான் டப்பாவில் விற்கும் பவுடரைச் சொல்லவில்லை, கடலையும் சோயாவும் போதும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். உணவில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் நம் மலைப் பெண்களுக்கு இரத்தச் சோகை அதிகம்.

கொழும்புப் போட்டிக்கு ஒரு எச்சரிக்கை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரம். நீங்கள் பழகிய குளிரிலிருந்து இறங்கி, வெக்கையும் ஈரமும் சேர்ந்த மண்டபத்துக்குள் போகிறீர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு. போட்டி வாரத்துக்கு முந்தைய இரண்டு வாரம், பயிற்சியின் முடிவில் ஜன்னலை மூடி ஒரு ஜெக்கெட்டோடு இருபது நிமிஷம் மிதமாகச் செய்யுங்கள். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட்டு உட்காருங்கள். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே கீழே இறங்குங்கள். முதல் சுற்றை உங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆரம்பியுங்கள், உப்புச் சேர்த்த எலுமிச்சைத் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஹட்டனில் வார்ம்-அப் இதற்கு நேர்மாறு: மழைக்காலக் காலையில் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல்.

கடைசியாக, உங்களிடம் படித்த பிள்ளைகள். அவர்களை முந்தும் எண்ணத்தில் சனிக்கிழமை அவர்கள் எடையை எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விளையாட்டு வயதுப் பிரிவு வைத்திருப்பது இரக்கத்தால் என்று நினைக்காதீர்கள். இதே வகையான கிராஸ்ஃபிட் உலகப் போட்டியில் மூத்தோருக்கு 2010இல் முதன்முதலாகப் பிரிவு வந்தது. இன்று 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரிக்கிறார்கள். யாரும் சேரக்கூடிய அவர்களின் ஓபன் போட்டியில் 54 வயது வரை இளையவர்களின் அதே எடைதான், 55இல் குறைகிறது. மூத்த வீரர்கள் பலர் பிறந்தநாளுக்குக் காத்திருப்பது இதனால்தான். அந்தப் பிரிவுக்குள் போகும்போது அதில் இளையவர் அவர்தானே. உங்களுக்கு அது மூன்று வருடத்தில். 2023இல் முல்லைத்தீவு அகிலத்திருநாயகி 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் தடகளத்தில் தங்கத்தோடு திரும்பினார். அன்றைய அவரைவிட இன்றைய நீங்கள் இருபது வருடம் இளையவர்.

அதனால் இந்தப் பதினாறு வாரத்தை 55 வயதுக்குப் போகும் பாதையின் ஒரு துண்டாகப் பாருங்கள். முதல் எட்டு வாரம் தோளுக்கும் குதிகாலுக்கும். அடுத்த ஐந்து வாரம் எடை ஏற்ற. பதினாலு, பதினைந்தில் போட்டி அசைவுகளும் வெக்கையும். கடைசி வாரம் லேசாக. எட்டாவது வாரம் முடிவில் விறைப்பு ஐந்து நிமிஷத்துக்குக் கீழே வராவிட்டால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள் என்பது என் கருத்து. அதை நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நாளைக் காலை எழுந்ததும் நொண்டும் நிமிஷத்தை எண்ணி முதல் வரியை எழுதுங்கள். பயிற்சி இல்லாத நாளுக்கும் ஒரு வரி வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். நாலாவது வாரம் அந்தக் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எடையைக் கூட்டுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.